கந்தகம் உருகி, ஈயம் உருகாத சூடு

ரங்கூனில் எங்கள் பட்டறையில் இருந்த சூடு பிரஸ்ஸுக்குக் கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. ஆறங்குல சானல், ஒரு லாரி ஜாக்கி, ஓரங்குலக் கனத்தில் இரண்டு இரும்புத் தகடு, பழைய இஸ்திரிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய ஹீட்டர் சுருள்கள், அவ்வளவுதான். அப்பாவும், தாம்வேயில் லேத் வைத்திருந்த ஒரு பர்மிய சயாவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பர்மாவில் வாத்தியாரும் சயாதான், கை தேர்ந்த மெக்கானிக்கும் சயாதான். அப்பாவுக்கும் அவருக்கும் அப்படி என்ன பேச்சு இருந்துவிடப் போகிறது என்று அம்மா கேட்பார். பாதித் தமிழும் பாதிப் பர்மியமுமாக, டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள். தாவா பஜாரில் கிடைக்காத பொருளை எப்படிச் செய்வது என்பதே எப்போதும் பேச்சு.

அந்த நாளில் கிடைக்காத பொருள்தான் அதிகம். 1962 மார்ச்சில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள் அரசுக்குப் போயின. 1964-ல் கடைகளும் போயின. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அப்போது கப்பலேறியவர்கள்தான். அத்தை குடும்பம் சென்னை வியாசர்பாடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் தங்கிவிட்டோம். தெருவில் ஓடிய வண்டிகளும் எங்களோடு தங்கிவிட்டவை. சண்டைக் காலத்து செவர்லே லாரிகளுக்கு மரத்தில் கூடு கட்டி பஸ்ஸாக ஓட்டினார்கள். கொஞ்சம் புதிது என்றால் ஹினோ. இந்த ஹினோ வந்த வழியைச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் பர்மாவுக்குச் செய்த சேதத்துக்கு நஷ்ட ஈடாக ஜப்பான் 1954-ல் ஒப்பந்தம் போட்டது. பத்து வருஷத்தில் 20 கோடி டாலர், பணமாக இல்லாமல் பொருளாகவும் வேலையாகவும். அந்தக் கணக்கில்தான் ஹினோ லாரி, மஸ்தா ஜீப், குபோட்டா விவசாயக் கருவி, மட்சுஷிட்டா மின்சாரச் சாமான் எல்லாம் பர்மாவிலேயே பூட்டப்பட்டன. லோப்பித்தா நீர்மின் நிலையம் 1960-ல் முடிந்ததும் அதே கணக்கில்தான். எங்கள் பிரஸ்ஸைச் சூடாக்கிய மின்சாரமும், அது செய்துகொடுத்த ஸ்பிரிங் புஷ் போய்ச் சேர்ந்த லாரியும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை.

லாரி வந்தது, ஸ்பேர் வரவில்லை. அந்நியச் செலாவணி இல்லை. தாய்லாந்து எல்லையில் மே சோட்டிலிருந்து கள்ளமாக வருவதற்கு யானை விலை. லாரியின் எஃகு எத்தனையோ வருஷம் உழைக்கும். ஆனால் இலைப்பட்டை ஸ்பிரிங்கின் கண்ணில் இருக்கிற ரப்பர் புஷ்ஷும், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கும் நைந்துபோகும். கைப்பிடியளவு ரப்பர் இல்லாமல் ஏழு டன் லாரி ஓரமாக நிற்கும். அப்பா அந்த ரப்பரைப் பார்த்தார்.

பிரஸ்ஸின் சட்டத்தில்தான் முதலில் தகராறு வந்தது. ஜாக்கி இருபது டன். நடுவில் இருபது டன் தள்ளினால் மேல் உத்திரம் வளையாமல் நிற்க வேண்டும். தூணுக்குத் தூண் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அப்பா ரயில் தண்டவாளத் துண்டு வாங்கலாம் என்றார். இன்சைன் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் அது மலிவு, பார்க்கவும் மலைபோல இருக்கும். சயா தலையை ஆட்டிவிட்டார். தண்டவாள எஃகில் கரி அதிகம், சக்கரத்துக்குத் தேயாது. ஆனால் வெல்டிங் வைத்தால் ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், என்றைக்கோ ஒருநாள் இருபது டன்னில் வெடித்துக் கிளம்பும் என்றார். அவர் சொன்னது ஆறங்குல சானல் இரண்டை முதுகோடு முதுகாக வைப்பது, போல்ட்டால் பூட்டுவது. நான் பிறகு படித்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் விழுகிற வளைவுத் திருப்பம் 22 கிலோ நியூட்டன் மீட்டர். அந்த இரண்டு சானலும் சேர்ந்து அதைச் சதுர மில்லிமீட்டருக்கு 105 நியூட்டன் அளவில் தாங்கும். சாதாரண இரும்பு 250-ல்தான் விட்டுக்கொடுக்கும். சயா எந்தப் புத்தகமும் பார்க்கவில்லை. எத்தனையோ வளைந்த உத்திரங்களைப் பார்த்திருந்தார்.

தண்டவாளம் வேண்டாம் என்பதற்கு இன்னொருவரும் இருந்தார். அவர் காரணம் சொல்லவில்லை. தான்பியூசயாட்டிலிருந்து ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு வரும் பெரியவர். தமிழர்தான், ஆனால் எங்களைப்போல ரங்கூனுக்குக் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம் இல்லை. மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு வந்த ஆள். சயாமில் பான் பொங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ரயில் பாதை. மலாயாத் தமிழர் பல பத்தாயிரம் பேர் அதில் இறங்கினார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களை எண்ணி எழுதிவைத்தவர் யாரும் இல்லை. தான்பியூசயாட்டில் யுத்தக் கைதிகளுக்கு 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக நிற்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அப்படி ஒரு வரிசை அங்கே இல்லை. அந்த நஷ்ட ஈட்டுக் கணக்கிலும் இவர்கள் இல்லை. மலேசியாவுக்கு 1967-ல் ஜப்பான் கொடுத்தது சரக்குக் கப்பல். பெரியவர் ஊர் திரும்பவில்லை. பால் மரம் வெட்டத் தெரியும், அங்கேயும் பால் மரம் இருந்தது, இருந்துவிட்டார். பட்டறை மூலையில் சாம்பிளுக்குக் கிடந்த தண்டவாளத் துண்டின்மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஷீட் கட்டின்மேல் உட்காருவார்.

அந்த ஷீட் வந்த வழியும் லேசானதில்லை. மோன் பக்கத்து முடோன், தான்பியூசயாட் தோட்டங்களிலிருந்து மொல்மெயினுக்கு வண்டி. அங்கே சால்வின் ஆற்றுக்கு அப்போது பாலம் இல்லை, 2005-ல்தான் வந்தது. படகில் மர்த்தபான் கரைக்கு வந்து அங்கிருந்து ராத்திரி ரயில். புகையில் காய்ந்த, தேன் நிறத்து ஷீட். கட்டைப் பிரித்தால் பட்டறை முழுக்கக் கருவாட்டு வாடை வரும். இதே ரப்பர் மரத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வாடைதான்.

ஷீட்டை அப்படியே அச்சில் வைத்தால் ஒன்றும் ஆகாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வேறு பொருளாகிறது என்று 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே கந்தகம் குறுக்கே பாலம் போடுகிறது. அதன் பிறகு இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், உருகாது. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டரை மூன்று பங்கு கந்தகம், ஐந்து பங்கு துத்தநாக ஆக்சைடு, கொஞ்சம் ஸ்டீரிக் அமிலம், வேகப்படுத்த ஒரு சிட்டிகை ஆக்சிலரேட்டர், தேயாமல் இருக்கக் கார்பன் பிளாக். கந்தகம் தாவா பஜாரிலேயே மருந்துக் கடை பாயிடம் கிடைத்தது. மொகல் தெருவில் அவர் கடைக்கு அப்பா என்னைத்தான் அனுப்புவார். காளி கோயில் தாண்டிப் போகும்போது கோயில் வாசலில் சாம்பிராணி, திரும்பும்போது கையில் கந்தகம். என் மூக்குக்கு இன்றும் இரண்டும் ஒரே தெரு.

வேறு ஊர்களிலும் இந்த வேலை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. சென்னை திருவொற்றியூரில் மாமன் மாப்பிள்ளை 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்தார், 1952-ல் டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு வந்தார், அதுதான் எம்.ஆர்.எஃப். அங்கே கொட்டகை கம்பெனியாக வளர வழி இருந்தது. ரங்கூனில் பட்டறை வளர்ந்தால் சர்க்காருக்குப் போய்விடும். அதனால் வளராமல் இருப்பதையும் ஒரு வேலையாகக் கற்றுக்கொண்டார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் எப்போதும் ஒரு சாக்குத் திரை தொங்கும்.

சூட்டுக்கு வருகிறேன். பிரஸ் என்றால் எல்லாரும் அழுத்தத்தைத்தான் நினைப்பார்கள். எனக்கு அதில் மேலான வித்தை சூடுதான் என்று தோன்றுகிறது. ரப்பர் வேக 150 டிகிரி வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். கூடினால் பாதியாகும். அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. இயற்கை ரப்பர் ஓரளவுக்கு மேல் வெந்தால், போட்ட பாலங்களே அறுந்து மறுபடி பிசுபிசுப்பாகிவிடும். தகடு முழுக்க ஒரே சூடாகவும் இருக்க வேண்டும். தோசைக்கல் மாதிரி நடுவில் தீய்ந்து ஓரம் வேகாமல் நின்றால் நான்கு புஷ்ஷில் இரண்டு குப்பைக்குப் போகும். அதற்குத்தான் ஓரங்குலக் கனம். சுருள் கொடுக்கிற சூடு மேலே வந்து சேர்வதற்குள் கனத்தில் பரவிவிடும்.

மைக்காத் தாளுக்கு நடுவில் சுருளை வைத்து, அதைத் தகட்டின் முதுகில் அமுக்கி, மேலே அஸ்பெஸ்டாஸ் அட்டை, அதற்கு மேல் இன்னொரு மெல்லிய தகடு. கீழ்த் தகட்டுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் அட்டை இன்னும் கனம், ஏனென்றால் சூடு கீழே இறங்கினால் ஜாக்கியின் வயிற்றில் இருக்கிற சீல் கட்டைபோல இறுகிவிடும். இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரத் தகடு இரண்டும் சேர்ந்து 25 கிலோ. முப்பதிலிருந்து 150-க்கு ஏற்ற 0.4 யூனிட் மின்சாரம் போதும். காற்றுக்குப் போவது, அச்சு குடிப்பது எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சூட்டை அளக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது. பரிசோதனைக் கூடத்துப் பாதரச வெப்பமானி ஒன்று கிடைத்து, தகட்டின் விளிம்பில் துளை போட்டு, எண்ணெய் விட்டுச் செருகினார்கள். அது உடைந்தால் அடுத்தது எங்கே? சயாதான் வழி சொன்னார். தகட்டின் ஓரத்தில் இரண்டு சின்னக் குழி. ஒன்றில் ஒரு துணுக்குக் கந்தகம், மற்றதில் ரேடியோ ரிப்பேர்க்காரர் பற்றவைக்கிற ஈயக் கம்பியில் ஒரு நறுக்கு. கந்தகம் 115 டிகிரியில் உருகும். அந்த ஈயம் 183-ல் உருகும். கந்தகம் மஞ்சள் தண்ணீராகிவிட வேண்டும், ஈயம் முனை மழுங்காமல் நிற்க வேண்டும். நாம் வேலை செய்ய வேண்டிய சூடு இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில். மிச்சத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். கந்தகம் உருகிய நேரத்திலிருந்து இத்தனை நிமிஷம் என்று அப்பா சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். குனிந்து அந்தக் குழிகளைப் பார்த்துச் சொல்வது சின்ன வயதில் என் வேலை. கந்தகம் முதலில் ஓரத்தில் வேர்க்கும், பிறகு ஒரே மூச்சில் படுத்துவிடும். "ஆச்சுப்பா" என்று கத்துவேன்.

அப்புறம்தான் அழுத்தம். கேஜ் வைக்கலாம் என்று யாரோ பழைய பாய்லர் கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சயா அதைத் தொடவே இல்லை. பாய்லரில் பத்து கிலோ, பதினைந்து கிலோ அழுத்தம். இருபது டன் ஏற்றிய ஜாக்கியின் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோ இருக்கும். அந்தக் கண்ணாடி முகத்தில் வந்து அறையும். அப்பா கணக்குப் போட்டார். சின்ன பிஸ்டன் 12 மில்லி, பெரியது 60 மில்லி, பரப்பில் 25 மடங்கு. கைப்பிடியின் நெம்புதல் 20 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 500. கைப்பிடி நுனியில் 40 கிலோ விழுந்தால் மேலே 20 டன். ரங்கூனில் எடை வீசையில்தான், ஒரு வீசை 1.63 கிலோ. பத்து டன்னுக்குப் பன்னிரண்டு வீசை. கைப்பிடியில் பன்னிரண்டு வீசைக் கல்லைக் கோத்துத் தொங்கவிடுவார். கல்லின் பாரத்துக்குக் கைப்பிடி தானாக இறங்குகிற வரை அழுத்தம் போதவில்லை. இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டால் பத்து டன் வந்துவிட்டது. அளக்கும் கருவி வாங்க முடியாத ஊரில் காய்கறிக் கடைக் கல்லே கருவியானது. பாஸ்கல் சொன்ன விதியை நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்தக் கற்கள்தான் கண்முன் ஆடின.

முதல் தடவை அழுத்தியதும் உடனே லேசாக விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். உள்ளே மாட்டிய காற்று ஓடட்டும் என்று. இல்லையென்றால் புஷ்ஷின் தோலுக்கு அடியில் கொப்புளம் நிற்கும். விடும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம், கூடவே மூக்கைக் குத்தும் ஆவி. அம்மாவும் சித்தியும் திண்ணையில் உட்கார்ந்து கத்தரியால் பிசிறு வெட்டுவார்கள். சூடாக இருக்கும்போது எடுத்த புஷ் ஆறினால் நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும். அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகக் கடைய வேண்டும். சயாவின் லேத்தில் அந்த இரண்டு பங்கு எப்போதும் இருக்கும்.

இந்த இயந்திரத்தின் மூல புருஷர் ஜோசப் பிராமா. 1795-ல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். தத்துவம் சரி, ஆனால் பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர் பீறிட்டது. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகராது, தளர்த்தினால் ஒழுகும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் தோலைக் கிண்ணம்போல வளைத்து வைத்தார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏறக் கிண்ணத்தின் உதடு தானாகவே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் போனால் விட்டுவிடும். அதுதான் இன்றுவரை பல ஜாக்கிகளிலும் இருக்கிற கப். எங்கள் ஜாக்கியின் கப் நைந்தபோது அப்பா அதே பிரஸ்ஸில் அதற்கான கப்பை அடித்தெடுத்தார். ஆனால் இயற்கை ரப்பருக்கும் இயந்திர எண்ணெய்க்கும் ஆகாது, ஊறி உப்பிவிடும். சயா ஜாக்கியிலிருந்த எண்ணெயை வடித்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றச் சொன்னார். விளக்கெண்ணெயை ரப்பர் பொறுத்துக்கொள்ளும், அந்தக் காலத்துப் பிரேக் எண்ணெயே அதில் செய்ததுதான். அம்மா குழந்தைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த போத்தல்தான் முதலில் போனது. தன் உறுப்பைத் தானே வார்த்துக்கொண்ட இயந்திரத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

1987 செப்டம்பர் 5. 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று ரேடியோவில் சொன்னார்கள். மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. புஷ் விற்ற காசு பெட்டியில் அந்த நோட்டுகளாகவே இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. அச்சுகளை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, திரும்ப அடுக்கினார். கொஞ்ச காலம் லாரிக்காரர்கள் டீசலும் அரிசியும் கொடுத்து புஷ் வாங்கினார்கள். அடுத்த வருஷம் தெருவெல்லாம் ஊர்வலம், அப்புறம் துப்பாக்கி. அதை எழுத இது இடமில்லை.

பிரஸ்ஸை நான் எடுத்து நடத்திய காலத்தில் வந்தது நர்கீஸ் புயல். 2008 மே 2, 3. ரங்கூனில் மரம் விழாத தெரு இல்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐராவதி டெல்டாவில் குடிதண்ணீர்க் குளங்களில் கடல் ஏறிவிட்டது. அடிபம்ப்தான் வழி, பம்ப்புக்கு வாஷர் வேண்டும். பிராமாவின் கிண்ணம்தான் அதுவும். ஹீட்டருக்கு உயிர் இல்லை. அச்சைக் கரி அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கந்தகமும் ஈயமும் அச்சின் தலையிலேயே வைத்துப் பார்த்து, இடுக்கியால் தூக்கிப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினோம். சூடு இறங்கும், மறுபடி அடுப்பு. ஒரு வாஷருக்கு ஆகிற நேரத்தில் முன்பு ஒரு தட்டு ஆகும். பையன்கள் விடியவிடியச் செய்தார்கள். தளா கரைக்குப் போகும் படகில் மூட்டை மூட்டையாக ஏற்றியபோது சயாவை நினைத்தேன். அவர் அப்போது இல்லை. அவர் போட்ட எந்தப் படமும் தாளில் இல்லை. சிகரெட் அட்டைகளை யார் எடுத்து வைப்பார்கள்? அதனால்தான் இத்தனை அளவுகளையும் இங்கே எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் அத்தை பேரன் அம்பத்தூரில் வேலைக்குப் போகிறான். சொந்தமாக ஒரு சூடு பிரஸ் கட்டப்போகிறேன் மாமா, படம் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு எல்லாம் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் ஹீட்டர், டிகிரி காட்டும் டிஜிட்டல் கண்ட்ரோலர், 700 கிலோ தாங்கும் கேஜ், எண்ணெயில் ஊறாத நைட்ரைல் சீல். அஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலில் தங்கும், மைக்கா போர்டு வாங்கிக்கொள் என்றேன். சானல் அளவை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தகட்டை மட்டும் அரை அங்குலமாகக் குறைக்கலாமா, சீக்கிரம் சூடாகுமே என்று கேட்டான்.

கூடாது என்று எழுதியிருக்கிறேன். ரங்கூனில் இப்போது மின்சாரம் முறை வைத்து வருகிறது, அச்சு பாதி வெந்துகொண்டிருக்கும்போது போய்விடும். ஓரங்குலத் தகடு இரண்டும், சுற்றி நன்றாகப் போர்த்தியிருந்து 200 வாட் அளவுக்கே சூடு கசிந்தால், பத்து டிகிரி இறங்கப் பத்து நிமிஷம் எடுக்கும். அரை அங்குலம் என்றால் ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஒரு தட்டு புஷ் பிழைப்பதும் போவதும். சென்னையில் கரண்ட் போகாது மாமா என்று பதில் போட்டிருக்கிறான். ஓரங்குலமே வாங்கு என்று மறுபடி எழுதினேன். ஓரத்தில் இரண்டு குழியும் போடச் சொல்லியிருக்கிறேன், கண்ட்ரோலர் காட்டுகிற டிகிரி சரிதானா என்று பார்த்துக்கொள்ள.